முகம் பார்த்துப் பேசும் அலைகள்

சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமை. குற்றாலம் பேரருவிக்குப் போகும் கடைத்தெருவில் கால் கிலோ நேந்திரம் சிப்ஸ் வாங்கிவிட்டு, கியூஆர் அட்டைக்கு நேரே செல்பேசியை நீட்டினேன். திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மேல்மூலையில் சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்திருந்தன. கடைக்காரர் அடுத்த பொட்டலத்தை மடித்தபடியே, “ரூவாயா இருந்தா குடுங்க அண்ணாச்சி, சீசன் முடியுற மட்டும் இது இப்படித்தான்” என்றார். ஈரத் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்த நோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

கோடு நிறைந்திருந்தும் பணம் ஏன் போகவில்லை? டவரின் குரல் நம் காதில் எவ்வளவு உரக்க விழுகிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டும். அதே டவரிடம் பேச இன்னும் எத்தனை ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைக் காட்டாது. ஒரு டவருக்கு வழக்கமாக மூன்று முகங்கள். ஒவ்வொரு முகமும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பங்குக்குள் அருவி, வாகன நிறுத்தம், கடைத்தெரு எல்லாம் வந்துவிட்டால், அத்தனை பேருக்கும் ஒரே அலைக்கற்றையைத்தான் பிய்த்துக் கொடுக்க வேண்டும். இந்த நிலையில் டவரின் சக்தியைக் கூட்டுவதால் பயனில்லை. சந்தைக்கடையில் ஒலிபெருக்கி வைத்தது போலாகும்.

வேறு வழியைக் குற்றாலமே காட்டுகிறது. பேரருவியில் எல்லோரும் ஒரே வீழ்ச்சிக்கு முண்டியடிக்கிறோம். ஐந்தருவியில் அதே மலைத் தண்ணீர் பாறையில் கிளை பிரிந்து விழுவதால் கூட்டமும் பிரிந்து நிற்கிறது. தண்ணீர் கூடவில்லை, விழும் இடம் பிரிந்திருக்கிறது. கம்பியில்லாத் தொடர்பில் இந்த வேலையைச் செய்வது திசை ஆண்டெனா. நாலாபக்கமும் இறைக்கிற ஆற்றலை ஒரு பக்கமாகக் குவித்து அனுப்பினால் ஒரே அலைவரிசையைப் பக்கத்துப் பக்கத்திலேயே பலமுறை பயன்படுத்தலாம். இதன் சின்ன வடிவத்தை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 5ஜி டவரில் புதிதாகத் தொங்கும் சதுரப் பெட்டிக்குள் பல டஜன் சிறு ஆண்டெனாக்கள் சேர்ந்து, கையிலிருக்கும் ஒவ்வொரு செல்பேசியை நோக்கியும் தனித்தனிக் கற்றையைத் திருப்ப முயல்கின்றன.

தென்காசிக்காரர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியபோது திருநெல்வேலிச் சீமை மொட்டைமாடிகளில் இரும்புக் குழாய்கள் முளைத்தன. ஒருவர் மேலே நின்று குழாயைத் திருக, இன்னொருவர் கீழே படியில் நின்று, “இன்னும் கொஞ்சம் கிழக்க... நில்லு, நில்லு!” என்று கத்த, மூன்றாமவர் டிவி முன்னால் உட்கார்ந்து “மழை பெய்யுது” என்று தீர்ப்புச் சொல்வார். பின்னால் கொடைக்கானல் ஒளிபரப்பு வந்ததும் அதே குழாயை வடக்கே திருப்பினோம். அந்த மீன்முள் ஆண்டெனா ஜப்பானில் 1926இல் ஷின்தாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் உலகுக்குச் சொன்னது. வசதி உள்ளவர்கள் கூடவே பூஸ்டரும் வாங்கி மாட்டினார்கள். பூஸ்டர் படத்தோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கியது. குழாயைச் சரியாகத் திருப்பியவர் வீட்டில்தான் படம் தெளிவாக வந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும், இணைய வேகம் குறைந்தால் நாம் கேட்பது பூஸ்டரைத்தான். குழாயைத் திருப்புவது பற்றி யாரும் பேசுவதில்லை.

கைக்குட்டை அகலக் கற்றை

இப்படிக் குவிக்க ஏற்றது உயர் அலைவரிசை என்றதும் ‘அது தூரம் போகாதே’ என்ற பதில் உடனே வரும். பாதி உண்மைதான். ஆனால் மறுபாதி வியப்பானது. வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு உளுந்தளவு. அலை சிறுத்தால், அதே அளவுக் குடை அதை இன்னும் கூர்மையாகக் குவிக்கும். 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு குடை ஆண்டெனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அதன் கற்றை 30 பாகைக்கு விரியும். ஒரு கிலோமீட்டர் போனதும் அரைக் கிலோமீட்டர் அகலம் ஆகிவிடும். 60 கிகாஹெர்ட்ஸில் அதே குடையின் கற்றை ஒரு பாகையைச் சற்றே தாண்டும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் அதன் அகலம் சுமார் 20 மீட்டர். இரு முனையிலும் இப்படி ஒரே அளவுக் குடையை வைத்து, ஒரே அளவு சக்தியை ஊட்டினால், வெட்டவெளியில் 60 கிகாஹெர்ட்ஸில் மறுமுனைக்கு வந்துசேரும் ஆற்றல் 2.4ஐ விட 625 மடங்கு அதிகம். அலைவரிசை 25 மடங்கு, அதன் வர்க்கம் 625; கணக்கு அவ்வளவுதான்.

இதில் காற்று தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. 60 கிகாஹெர்ட்ஸ் அலையை ஆக்சிஜன் விழுங்கும். கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல், அதாவது வந்த ஆற்றலில் முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். வேறு ஊர்களில் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது வரமாகவே படுகிறது. என் தெருவின் கற்றை அடுத்த ஊர்வரை போய்த் தொல்லை தராமல் ஆக்சிஜனே வேலி கட்டிவிடுகிறது. இன்னொரு அனுகூலமும் உண்டு. மறுமுனை நேர்க்கோட்டில் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு குழாய் அளவு வெளியும் மறைப்பின்றி இருக்க வேண்டும். அரைக் கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 4 மீட்டர் ஆரம் வேண்டும். 60 கிகாஹெர்ட்ஸுக்கு 80 சென்டிமீட்டர் போதும். இலஞ்சி, மேலகரம் பக்கம் இரண்டு தென்னந்தலைகளுக்கு நடுவே தெரியும் இடுக்கு எவ்வளவு என்று பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

இந்த 5 மில்லிமீட்டர் அலையை உலகில் முதலில் கையாண்டவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1895இல் பொதுமக்கள் முன்னிலையில் சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பித் தொலைவில் மணியை ஒலிக்கவைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். வழியில் ஆங்கிலேய துணைநிலை ஆளுநரின் பருத்த உடம்பும் நின்றதாகச் சொல்வார்கள். சில ஆண்டுகளுக்குள் அவர் உருவாக்கிய கருவிகளில் புனல் போன்ற கொம்பு ஆண்டெனாவும் இருந்தது. அலையைக் குவிக்க அதைப் பயன்படுத்தினார். இன்று நுண்ணலைக் கருவிகளில் பார்க்கும் கொம்பு ஆண்டெனாவின் தாத்தா அது. மார்க்கோனி நீண்ட அலைகளின் பக்கம் போய்க் கடலைக் கடந்தார். உலகமும் அவர் பின்னால் போனது. குறுகிய அலைகளுக்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

தேனி தந்த பாடம்

திசை ஆண்டெனாவை வைத்து ஏழை ஊர்களுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில், சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதிப்பார், தேனியில் இருக்கும் மருத்துவர் கணினித் திரை வழியே நோயாளியிடம் பேசுவார். அதற்குத் தேவையான இணைப்பு அன்று எந்த நிறுவனத்திடமும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழுவும் இன்டெல் ஆய்வகமும் கைகொடுத்தன. கடையில் கிடைக்கிற சாதாரண வைஃபை அட்டை, கம்பிவலைக் குடை ஆண்டெனா, கம்பம். இதை வைத்தே ஒன்று முதல் பதினைந்து கிலோமீட்டர் வரையிலான இணைப்புகளை அமைத்தார்கள். மருத்துவரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேசினார்கள்.

அங்கே கற்ற விஷயங்கள் இரண்டு. ஆண்டெனாவைத் திருப்பிவிட்டால் மட்டும் வேலை முடியாது என்பது முதலாவது. வைஃபையின் பேச்சு ஒழுங்கு, ஒரே அறைக்குள் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. நான் பேசியதும் நீ ‘ஊம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் நான் திரும்பச் சொல்வேன். பல கிலோமீட்டர் போனதும் ‘ஊம்’ வந்துசேரத் தாமதமாகும். அதற்குள் இந்த முனை பொறுமை இழந்து மறுபடி கத்தத் தொடங்கிவிடும். ஒரே கம்பத்தில் இரண்டு குடை இருந்தால், ஒன்று பேசும்போது மற்றதன் காது அடைத்துக்கொள்ளும். ஆகவே அவர்கள் மென்பொருளை மாற்றி, எல்லோரும் முறைவைத்துப் பேசும்படி நேரத்தைப் பங்கிட்டார்கள். ஏரிப் பாசனத்தில் முறைத்தண்ணீர் விடுவதைப் போன்றதுதான்.

இரண்டாவது பாடம் அலைக்குத் தொடர்பில்லாதது. ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, வலைப்பின்னலைப் படுக்கவைத்த கோளாறுகளில் மிகப் பெரும்பான்மை மின்சாரத்தால் வந்தவை. ஓல்டேஜ் ஏறி இறங்கி அடாப்டர் கருகும், கருவி பாதியில் அணைந்து நினைவகம் கெட்டுப்போகும். ஆண்டெனா பற்றிப் பேசும் எவரும் கம்பத்தின் அடியில் இருக்கும் ப்ளக் பாயின்டைப் பற்றியும் பேச வேண்டும் என்பதை நான் அங்கிருந்துதான் கற்றேன். தேனிக்கும் முன்னால், சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கோர்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம், மேலூர் வட்டாரக் கிராமங்களுக்குச் சுவரில் மாட்டும் ஆண்டெனா வழியே இணையத்தைக் கொண்டுபோயிருந்தது. தொழில்நுட்பம் நமக்கு வெளியிலிருந்து மட்டுமே வந்தது என்று யாரும் எண்ண வேண்டாம்.

அனுமதி என்னும் பூட்டு

தேனி முயற்சியின் காலத்தைக் கவனியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் வெளியிடங்களிலும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்தது. குவித்து அனுப்பும் திறனுக்கு 4 வாட் உச்சவரம்பு வைத்தது. இந்த வரம்புக்குள் ஒரு வேடிக்கை உண்டு. கம்பிவலைக் குடை ஆற்றலை ஏறக்குறைய 250 மடங்கு குவிக்கும். ஆகவே 16 மில்லிவாட் ஊட்டினாலே சட்ட வரம்பு எட்டிவிடும். ஒரு சின்ன எல்இடி விளக்கு இதைவிட அதிகம் தின்னும். கேட்கும் பக்கத்தில் எவ்வளவு பெரிய குடை வைத்தாலும் சட்டம் எதுவும் சொல்லாது, ஏனென்றால் கேட்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அரசு இதேபோல் திறந்துவிட்டது. பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களே இன்று வீட்டு மாடியில் பெட்டி வைத்து இணையம் தருவதற்கு இந்தக் கட்டணமில்லாக் காற்றைப் பயன்படுத்துகின்றன.

60 கிகாஹெர்ட்ஸ் கதை வேறு. அமெரிக்காவில் அது தொண்ணூறுகளிலேயே உரிமமின்றித் திறக்கப்பட்டு, 2016இல் 71 கிகாஹெர்ட்ஸ் வரை விரிந்தது. இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே இதை லேசான கட்டுப்பாட்டுடன் திறக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2018 தேசியக் கொள்கையிலும் இது இடம்பெற்றது. 2025 மே மாதம் ஆணையம் மறுபடியும் கலந்தாய்வுத் தாள் வெளியிட்டு, எப்படித் தரலாம் என்று கேட்டது. பதினோரு ஆண்டுகள்! இதற்குள் அந்த அலையில் ஓடும் வைஃபை வகை 2012இல் பிறந்து, 2021இல் அதன் வாரிசும் வந்துவிட்டது.

தடை எங்கே? செல்பேசி நிறுவனங்களின் சங்கம், இதை உரிமமின்றித் திறக்கக் கூடாது, ஏலம் விட வேண்டும் என்று தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறது. அவர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். 2022 ஏலத்தில் ஜியோ 26 கிகாஹெர்ட்ஸில் 1,000 மெகாஹெர்ட்ஸும் ஏர்டெல் 800 மெகாஹெர்ட்ஸும் பணம் கொடுத்து வாங்கின. பக்கத்திலேயே இன்னொரு கற்றையை இலவசமாக அவிழ்த்துவிட்டால் எங்கள் பணத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் வாதம் நிற்காது. ஒருவர் பயன்படுத்தினால் இன்னொருவர் பயன்படுத்த முடியாத பொருளைத்தான் ஏலம் விட வேண்டும். ஒரு பாகை அகலக் கற்றை, ஒரு கிலோமீட்டருக்குள் ஆக்சிஜன் வேலி. இப்படிப்பட்ட அலையில் ஒரே தெருவில் பத்து இணைப்புகள் ஒன்றையொன்று தொடாமல் ஓடும். பற்றாக்குறையே இல்லாத பொருளுக்கு ஏலம் வைத்தால், அதைச் செயற்கையாகப் பற்றாக்குறை ஆக்கத்தான் வேண்டியிருக்கும்.

மத்தளம்பாறையில் ஜோஹோ 2011இல் அலுவலகம் திறந்ததிலிருந்து தென்காசி என்றால் ‘கிராமத்திலிருந்து மென்பொருள்’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மகிழ்ச்சி. அத்தனை பெரிய நிறுவனம் தனக்கு வேண்டிய கண்ணாடியிழையை எப்படியும் வரவழைத்துக்கொள்ளும். ஆய்க்குடியில் இணையவழி டியூஷன் எடுப்பவருக்கும், பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டிக் கணக்கை மேகக் கணினியில் வைத்திருப்பவருக்கும் இருக்கும் ஒரே நம்பிக்கை தெருவோரத்துக் கேபிள்காரர். அவருடைய ஒயர் மின்கம்பங்களில் தொங்கிக்கொண்டு போகிறது. காற்றுக்காலத்தில் மட்டை விழுந்து அறுக்கும், சாலை வேலையில் ஜேசிபி வெட்டும். 2020இல் தொடங்கிய பிஎம்-வாணி திட்டத்தின்படி டீக்கடைக்காரர்கூட உரிமக் கட்டணமின்றி வைஃபை விற்கலாம். விற்கலாம்தான், அவர் கடை வாசல்வரை பெருங்குழாய் வர வேண்டுமே! கேபிள்காரர் அறைக்கும் கடைக்கும் நடுவே நானூறு மீட்டர். அந்த நானூறு மீட்டருக்குத்தான் 60 கிகாஹெர்ட்ஸ் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும்.

சாரல் என்ன செய்யும்?

தென்காசியில் யாரிடம் இதைச் சொன்னாலும் முதல் கேள்வி மழையைப் பற்றியதாகவே இருக்கும். நியாயம். ஐந்து மில்லிமீட்டர் அலைக்கு, அதே பருமன்கொண்ட மழைத்துளி பெரிய பாறை. ஆனால் நம் சீசன் மழை எப்படிப்பட்டது? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் சாரல் பூந்தூறல். மணிக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் கிலோமீட்டருக்கு 3 டெசிபெல்தான் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதுதான் சிக்கல். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்தால் கிலோமீட்டருக்கு 29 டெசிபெல் போய்விடும். ஒரு கிலோமீட்டர் இணைப்பு அப்போது தாங்காது. முந்நூறு மீட்டர் இணைப்பு ஆக்சிஜன், மழை இரண்டையும் சேர்த்து 13 டெசிபெல் இழந்துவிட்டுத் தொடர்ந்து ஓடும். குறுந்தூரம் என்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. பேராசைப்பட்டு நீட்டினால் அறுந்துவிடும்.

எனக்கு மழையைவிடக் காற்றின்மேல்தான் பயம். சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, மொட்டைமாடியில் இரண்டு கிளாம்ப் போட்டு நிறுத்திய பத்தடிக் குழாயையும் ஆட்டும். கற்றை ஒரு பாகை அகலம் என்றால் குழாய் ஒரு பாகை ஆடினாலே போதும், இணைப்பு கண்ணாமூச்சி ஆடும். இதற்கு விடையாகத்தான் அசையாத குடைகளுக்குப் பதிலாகத் தானே திரும்பும் ஆண்டெனாக்கள் வந்திருக்கின்றன. பல சிற்றாண்டெனாக்களின் அலைகளைச் சற்றே முன்பின்னாக வெளிவிட்டு, எதையும் அசைக்காமலே கற்றையைத் திருப்பும். மறுமுனை எங்கே என்று முதலில் சுற்றுமுற்றும் துழாவி, கண்டதும் அந்தப் பக்கம் நிலைகொள்ளும். ஃபேஸ்புக் 2016இல் அறிவித்த டெராகிராஃப் இதே வகை. ஹங்கேரியின் மிகேபூடா கிராமத்தில் 2018இல் அதை மின்கம்பங்களில் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே பனி, இங்கே சாரல்.

காட்டுக்குள் மட்டும் இது எடுபடாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மேலே மலையில் பெய்த மழை கீழே குளித்தவர்களுக்குத் தெரியவில்லை. மேல் ஓடையில் நீர்மட்டத்தைப் பார்த்து முன்கூட்டியே சைரனை அலறவைக்கும் கருவியை வைக்க வேண்டும் என்று அதன்பின் பலரும் சொன்னோம். ஈர இலைகள் அடர்ந்த காட்டில் 60 கிகாஹெர்ட்ஸ் பத்து மரங்களைக்கூடத் தாண்டாது. ‘தண்ணீர் ஒரு அடி ஏறிவிட்டது’ என்று சொல்ல நாலு எழுத்து போதும். அதற்கு இந்தியாவில் உரிமமின்றிக் கிடைக்கும் 865 மெகாஹெர்ட்ஸ் அலையே சரி. அங்கேயும் யாகி ஆண்டெனாவை அருவிக்கரைக் காவல் நிழற்குடையை நோக்கித் திருப்பிவைத்தால் சிறு பேட்டரியும் சூரியத் தகடும் பருவம் முழுக்கத் தாங்கும். அலைவரிசை மாறினாலும் குழாயைத் திருப்புகிற வேலை மாறவில்லை.

ஊருக்குள் உயரத்துக்கு எங்கே போவது? காசி விஸ்வநாதர் கோபுரத்தைக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஒவ்வொரு ஊராட்சியிலும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இருக்கிறது. கான்கிரீட் தூண், காற்றுக்கு அசையாது, மோட்டாருக்காக அடியிலேயே மின் இணைப்பு உண்டு. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களுக்கு நடுவே நின்று பார்த்தால் சமவெளியில் அடுத்தடுத்த தொட்டிகள் கண்ணுக்குத் தெரியும். தொட்டிக்குத் தொட்டி 5 கிகாஹெர்ட்ஸில் சில கிலோமீட்டர், தொட்டியிலிருந்து பள்ளிக்கும் நூலகத்துக்கும் 60இல் சில நூறு மீட்டர். 2019 நவம்பரில் பிறந்த இந்தச் சிறிய மாவட்டத்தில் இரண்டே ஊராட்சிகளில், சோதனை உரிமம் பெற்று, ஒரு சாரலும் ஒரு கார்த்திகையும் ஓட்டிப் பார்த்து, எத்தனை நிமிடம் அறுந்தது என்பதைப் பொதுவில் வெளியிடலாம். டெல்லிக்கு நம் ஊர் மழையின் கணக்கு போய்ச் சேரட்டும்.

தொட்டியில் மாட்டிய கருவியை யார் பார்த்துக்கொள்வது என்று பொறியாளர் நண்பரிடம் கேட்டேன். குளவி கூடு கட்டும், குரங்கு ஒயரை இழுக்கும் என்று அவரும் கவலைப்பட்டார். தொட்டியைக் கழுவிக் குளோரின் போட மாதம் இருமுறை ஏணியில் ஏறி இறங்கும் ஊழியர் ஒருவர் எல்லா ஊரிலும் ஏற்கெனவே இருக்கிறார். ஆண்டெனா சரியாக நேர்பட்டால் வேகமாகவும் விலகினால் மெதுவாகவும் கீச்சிடும் வசதி இப்போது வரும் கருவிகளில் உண்டு. காதால் கேட்டே நட்டை இறுக்கிவிடலாம். அவருக்கு ஒரு ஸ்பேனரும், இன்று வாங்குகிற சொற்பச் சம்பளத்தோடு மாதம் ஓராயிரம் ரூபாயும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.